பிடித்த வரி எந்த மேசையில்?

வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 10 ஆகிவிட்டது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் சுயபிரகடனம் கொடுத்தால் வங்கி பிடிக்காது. இது தெரியாத பென்ஷன்காரர் எத்தனை பேர்! பிடித்த காசை இறைவரித் திணைக்களத்திடம்தான் மீளக் கேட்க வேண்டும்.

கேட்டுவிடலாம். கேட்டது எந்த மேசையில் கிடக்கிறது என்று அறிவதுதான் பாடு. நாம் வரியைப் பிந்திக் கட்டினால் மாதம் 1.5 சதவீதம் வட்டி. அவர்கள் தரவேண்டியதற்கு மட்டும் நாம் பொறுமை காக்க வேண்டுமாம். பதிவுத் தபாலுக்கே ஓர் இலக்கம் உண்டு. கிடைத்தது, பரிசீலனையில், வங்கிக்கு அனுப்பியாச்சு என்று மூன்று எஸ்எம்எஸ், தமிழிலும் சிங்களத்திலும், போட முடியாதா? பொத்துவிலிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறி விசாரிக்கிற செலவு, சிலருக்கு வரவேண்டிய காசைவிடக் கூட.

உங்கள் வாப்பா, உம்மா டின் இலக்கம் எடுத்துவிட்டார்களா? இல்லையென்றால் இந்த வாரமே எடுத்துக் கொடுங்கள்.