கரன்ட் போனாலும் மணியடித்த போன்!

மலையில் பெருமழை பிடித்தால் முதலில் போவது கரன்ட். சில மணி நேரம் கழித்து டவர் போகும். அதற்கப்புறம்தான் ரோடு. அரவேணுவில் யாரைக் கேட்டாலும் இந்த வரிசையை மாற்றாமல் சொல்வார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அரவேணு ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். எனக்கு அது பாட்டி ஊர். 'போன் எப்படி வளர்ந்தது என்று இந்த வாரம் எழுதப் போறேன்' என்று பாட்டியிடம் சொன்னேன். வழக்கமான கிரகாம் பெல் கதைதானே, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. பாட்டி ஒரே கேள்வியில் அதைக் கலைத்துவிட்டார்.

"ஏன் கண்ணு, நம்ம வீட்டுல இருந்த அந்தக் கறுப்பு போனுக்கு பிளக்கே கிடையாது. கரன்ட் இல்லாத ராத்திரியிலயும் அடிக்கும். இப்ப இத்தனை காசு போட்டு வாங்கின போன் ஏன் மழை வந்தா செத்துப்போகுது?"

சாதாரண சந்தேகம் மாதிரி தெரியும். ஆனால், போனின் 150 வருடக் கதையில் முக்கியமான ஒரு மாற்றம் இதற்குள்தான் இருக்கிறது.

பெல் 1876 மார்ச் 10 அன்று தன் உதவியாளர் வாட்சனைக் கம்பி வழியே கூப்பிட்டார். அடுத்து வந்த போன்கள் மரப்பெட்டிகள். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் இருப்பவருக்குத் தகவல் போகும். பேச்சைச் சுமந்து செல்லும் மின்சாரத்துக்கு, பெட்டிக்குள்ளேயே பேட்டரி இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேட்டரி. அது தீர்ந்தால் ஆள் வந்து மாற்ற வேண்டும். ஊர் முழுக்கப் போன் வந்தால் இது கட்டுப்படியாகுமா?

1890-களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டு பேட்டரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, எக்ஸ்சேஞ்சில் ஒரே பெரிய பேட்டரி வரிசையை வைப்பது. பேச்சு வருகிற அதே இரண்டு செம்புக் கம்பிகளில் மின்சாரமும் வரும். உலகம் முழுக்கப் பிறகு நிலைத்துப்போன அளவு 48 வோல்ட். மணியடிக்க மட்டும் சுமார் 75 வோல்ட் தனியாக அனுப்புவார்கள். (ஒயரைக் கையில் பிடித்தபடி லைன்மேன் கம்பத்தில் இருக்கும்போது அந்த வீட்டுக்கு யாராவது போன் செய்தால், 'சுரீர்' என்று ஒன்று விழும்!)

பாட்டி கேட்டதற்கு இதுதான் பதில். அந்தக் கறுப்பு போன் நம் வீட்டுக் கரன்ட்டை நம்பியிருக்கவே இல்லை. ஊரே இருட்டில் கிடந்தாலும், எக்ஸ்சேஞ்சின் பேட்டரியும் ஜெனரேட்டரும் ஓடும்வரை, கம்பி அறுந்துபோகாத வரை, அது பேசும். வெளிச்சத்துக்கு ஒரு துறை, பேச்சுக்கு வேறொரு துறை. ஒன்று படுத்தால் இன்னொன்று நின்றது.

நீலகிரிக்குத் தகவல் கம்பி வந்தது பெல்லுக்கு 20 வருடங்களுக்கு முன்பே. 1850-களில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் என்று தந்திக் கம்பி இழுத்தபோது அந்தப் பட்டியலில் உதகமண்டலமும் இருந்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி 1855-ல் உடல்நலத்துக்காக நீலகிரியில் மாதக்கணக்கில் தங்கினார், கோத்தகிரியிலும் இருந்தார். ஆட்சி செய்கிறவர் மலை ஏறினால் கம்பியும் பின்னாலேயே ஏறும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர் வீட்டுக்கு ஏற அதற்கு ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

இந்தியாவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றிலும் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. அதன்பின் ரொம்ப காலம் வெளியூர் பேச்சு என்றால் ட்ரங்க் கால்தான். பதிவு செய்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரம் என்றால் 'லைட்னிங் கால்'. சாதாரணக் கட்டணத்தைப்போல எட்டு மடங்கு. சாவுச் செய்தி சொல்வதற்கே எட்டு மடங்கு காசு வேண்டியிருந்த காலம் அது. நாமே நேராக டயல் செய்கிற எஸ்.டி.டி வசதி 1960-ல் கான்பூர் - லக்னோ இடையே வந்தது.

கிராமங்களுக்குப் பெரிய திருப்பம் என்றால், நான் கைகாட்டுவது சி-டாட் நிறுவனத்தைத்தான். சாம் பிட்ரோடா ஆலோசகராக இருக்க, 1984-ல் தொடங்கிய அரசு ஆராய்ச்சி மையம். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி அறை வேண்டும். தூசியும் வெயிலும் ஆகாது. நம் ஊர்களில் ஏ.சி இருக்கட்டும், கரன்ட்டே நிலையாக இல்லை. அதைப் புரிந்துகொண்டு ஏ.சி இல்லாமல் ஓடுகிற 128 லைன் எக்ஸ்சேஞ்சை உருவாக்கினார்கள். 1986-ல் கர்நாடகாவின் கிட்டூரில் முதலாவதை வைத்தார்கள். மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி பூத்கள் தெருவுக்குத் தெரு முளைத்தது இதையொட்டித்தான். நம் நிலைமையைப் பார்த்து நமக்காகச் செய்யப்பட்ட கருவி என்று இதை நான் தயங்காமல் சொல்வேன்.

பிறகு 1995 ஜூலை 31. கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் செல்போனில் பேசினார். 2003-ல் இன்கமிங் இலவசமானது. மீதி நமக்கே தெரியும்.

இந்த வேகத்தில் சத்தமில்லாமல் ஒன்று நடந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சுக்குப் போன பேட்டரி, திரும்பவும் நம் வீட்டுக்கே வந்துவிட்டது. செல்போனில் ஒரு பேட்டரி. அது நம் பொறுப்பு. டவரில் ஒரு பேட்டரி; சில மணி நேரம் தாங்கும். அதற்குமேல் டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். மரம் விழுந்து ரோடு அடைத்தால் டீசல் எப்படி ஏறும்? செம்புக் கம்பிக்குப் பதில் வந்த ஃபைபரிலும் இதே கதை. அது கண்ணாடி இழை; ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. லேண்ட்லைன் நம்பர் பழசாகவே இருக்கலாம். ஆனால், வீட்டில் கரன்ட் போனால் மோடம் அணையும்; கூடவே போனும் அணையும்.

பழைய போனுக்கு மாலை போட்டு உட்காரச் சொல்லவில்லை. அந்தக் கம்பியும் மரம் விழுந்தால் அறுந்தது. வாரக்கணக்கில் 'டெட்'டாகக் கிடந்தது. ஒரு தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தால் அதிகம். எஸ்டேட் லயன் வீடுகளில் இருந்தவர்களுக்கு சொந்தமாகக் கிடைத்த முதல் போன் செல்போன்தான். அதை எந்த ஏக்கத்தோடும் எடைபோட முடியாது.

ஆனால், மலையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ-க்கு மேல் கொட்டியது. அப்படியொரு இரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட சிக்னல் இல்லையென்றால், மேட்டுக்கு ஏறிப்போய்த் தேட வேண்டும். கோத்தகிரிப் பக்கம் இருட்டில் மேட்டுக்கு ஏறுவது என்றால் கரடிக்கும் காட்டெருமைக்கும் வழிவிட்டுத்தான் ஏற வேண்டும். பள்ளத்துக்குள் இருக்கிற வீடுகளுக்கு, டவர் ஓடினாலும் சில இடங்களில் பலனில்லை. ரேடியோ அலைக்கு மலையைத் துளைக்கத் தெரியாது.

பிரிட்டனில் செம்பு லேண்ட்லைனை மொத்தமாக நிறுத்த நாள் குறித்தபோது, தனியாக வாழும் முதியவர்கள் கரன்ட் போனால் என்ன செய்வார்கள் என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. டிஜிட்டல் லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, கரன்ட் போனாலும் ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு. ஒரு மணி நேரம் நம் மலைக்குப் போதாது. ஆனாலும் அங்கே இதைப் பற்றிப் பேசியாவது இருக்கிறார்கள். நீலகிரியில் எந்த டவருக்கு எத்தனை மணி நேர பேக்கப் இருக்கிறது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே ஊர் மக்களுக்குச் சொல்லலாம். ரேஷன் கடையில் ஸ்டாக் எழுதிப் போடுகிற மாதிரி ஒரு போர்டு போதும்.

அதுவரை நம் கையில் இருப்பவை சில. மோடத்துக்கென்றே சின்ன யு.பி.எஸ் கிடைக்கிறது, மாட்டிவைத்தால் சில மணி நேரம் வைஃபை ஓடும். பழைய பட்டன் போன் ஒன்றை சார்ஜ் ஏற்றி அணைத்து வையுங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தீர்க்கும். தேவையில்லாத நேரத்தில் ஃபிளைட் மோடில் போடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. உங்கள் கம்பெனியின் டவர் படுத்துவிட்டாலும் 112-ஐ அழைத்துப் பாருங்கள். பக்கத்தில் வேறு கம்பெனி சிக்னல் உயிரோடு இருந்தால், அவசர அழைப்பை அதன் வழியே போன் அனுப்பப் பார்க்கும். இதைச் சொன்னதும் பாட்டி 112-ஐ காலண்டரில் பெரிதாக எழுதி, கறுப்பு போன் இருந்த ஸ்டூலுக்கு மேலே மாட்டச் சொன்னார்.