தானா உதிர்ந்த கொம்பாம்!

மான் கொம்பு எங்கே கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். "தானா உதிர்ந்து கிடந்ததுங்க" என்று பதில் தயாராக இருக்கும். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி வரை போய், ஒரு கொம்பு கிடைக்காதா என்று ஏங்குகிற ஆசாமிகளுக்கே இந்தப் பதிவு.

அங்கே கடமானும் உண்டு, காட்டுமாடும் உண்டு. (காட்டெருமை என்கிறோம், அது எருமையே இல்லை!) இரண்டுக்கும் தமிழில் கொம்பு என்று ஒரே சொல், வினையே அதுதான். காட்டுமாட்டுக் கொம்புக்கு உள்ளே எலும்பு, மேலே நகம் மாதிரி உறை. ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. சாகும்வரை உதிராது. சுவரில் அது தொங்கினால் ஒரு மாடு செத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடமானில் ஆணுக்கு மட்டுமே கொம்பு. முழுக்க எலும்பு. உதிர்ந்து திரும்ப முளைக்கும். உதிர்ந்த கொம்பின் அடி வட்டமாய், சொரசொரப்பாய் முடியும். நீங்கள் காட்டுவதிலோ மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருக்கிறதே, மண்டையுமா உதிர்ந்தது?

சரி, நிஜமாகவே உதிர்ந்தது என்றே வைப்போம். கொம்பு வளர்க்க மான் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை எடுக்கிறது. அயர்லாந்துச் சதுப்புகளில் எலும்பாய்க் கிடைக்கும் ராட்சத மான், சுமார் 3.5 மீட்டர் விரியும் கொம்பை இப்படித்தான் வருஷாவருஷம் வளர்த்து உதிர்த்தது. விழுந்ததை முள்ளம்பன்றி கொறிக்கும், மிச்சம் மண்ணுக்கு. இதில் உங்கள் வரவேற்பறை எங்கே வந்தது?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சான்றில்லாமல் கொம்பு வைத்திருப்பதே குற்றம். கடுமை என்று புலம்பாதீர்கள். காசு கொடுக்க ஆள் இருந்தால், கொம்பு உதிரும்வரை எவன் காத்திருப்பான்?