ஜனாஸா குழுவில் குதிரை டிப்ஸ்

நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள், பாதியில் நின்று திட்டாதீர்கள்.

வியாழக்கிழமை ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தை விட்டு எங்களை வெளியேற்றி 35 வருடம். அன்று காலை எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் ஜின்னா மைதானத்தின் படம் ஒன்றைப் போட்டிருந்தார். கீழே துஆக்கள், அழுகை, யார் யார் எந்த லொறியில் போனோம் என்ற கதைகள். அதற்கு நாலைந்து செய்தி கீழே வேறொருவர் போடுகிறார்: "மெல்பர்ன் கப், செவ்வாய்க்கிழமை. ஷுவர் டிப்ஸ். இன்பொக்ஸ் வாங்க." பக்கத்தில் ஒரு குதிரை, ஒரு பணமூட்டை. அதற்குப் பதினேழு பேர் கைதட்டல் போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தோம். அதில் ஆறு பேர் எங்களிடம் படித்தவர்கள்.

அந்தக் குழு எதற்குத் தொடங்கப்பட்டது என்று மறந்துவிட்டவர்களுக்குச் சொல்கிறோம். ஜனாஸா அறிவிக்க. மீளக் குடியேறிய புதிதில் மௌத்துச் செய்தி கூடப் புத்தளத்தில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆகும். அதற்காகத் தொடங்கியது. பிறகு தண்ணி வெட்டு, இரத்தம் தேவை, தொலைந்த ஆட்டுக்குட்டி எல்லாம் சேர்ந்தது. அதில் தப்பில்லை. இப்போது குதிரையும் சேர்ந்திருக்கிறது.

மெல்பர்ன் கப் என்றால் என்ன என்று கேட்ட உம்மாமாருக்குச் சுருக்கமாக. அவுஸ்திரேலியாவில் 1861இல் இருந்து ஓடும் பெரிய குதிரைப் பந்தயம். நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, 3200 மீற்றர், கூடினால் 24 குதிரை. மெல்பர்னில் அன்றைக்கு அரச விடுமுறையே உண்டு. எங்கள் நேரம் காலை ஒன்பதரை, அதாவது கடையைத் திறந்து முதல் வியாபாரம் பார்க்கிற நேரம்.

டிப்ஸில் முதலாவது பெயர் ஹாஃப் யுவர்ஸ். போன மாதம் கோல்ஃபீல்ட் கப்பை வென்ற குதிரை, அதனால் "கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்கிறார். இரண்டாவது அல் ரிஃபா. பெயரைப் பார்த்ததும் ஒரு தம்பி "நம்மட ஆள்" என்று எழுதியிருக்கிறார். பஹ்ரைனில் ரிஃபா என்று ஒரு ஊர் இருக்கிறதுதான், அதற்காகக் குதிரை கலிமா சொன்னதாக ஆகிவிடாது தம்பி.

சரி, இந்தக் "கண்ணை மூடிக்கொண்டு" என்ற கதையை எடுப்போம். 2014இல் அட்மயர் ரக்டி என்ற ஜப்பான் குதிரை இதே கோல்ஃபீல்ட் கப்பை வென்றுவிட்டு மெல்பர்ன் கப்புக்கு வந்தது. எல்லாரும் வெல்லும் என்று காசு கட்டிய குதிரை அதுதான். கடைசியாக வந்தது. ஓட்டம் முடிந்து லாயத்துக்குப் போய் விழுந்து செத்தது. 2015இல் வென்றது நூறுக்கு ஒன்று என்று ஒதுக்கி வைத்திருந்த பிரின்ஸ் ஒஃப் பென்சன்ஸ். போன வருடம் வென்ற நைட்ஸ் சொய்ஸ் தொண்ணூறுக்கு ஒன்று. எல்லாம் தெரிந்த டிப்ஸ்காரர் யாராவது போன வருடம் அந்தப் பெயரை உங்களுக்கு அனுப்பினாரா?

செவ்வாய்க்கிழமை அவர் சொன்ன குதிரை வெல்லவும் கூடும். அதையும் இப்போதே எழுதி வைக்கிறோம், பிறகு வந்து "பார்த்தீங்களா சேர்" என்று கொமென்ட் போடாதீர்கள். வென்றால்தான் ஆபத்து கூட.

ஏன் என்று கேட்டால் ஏப்ரல் மாதத்துக் கதையைச் சொல்ல வேண்டும். பெயரும் தெருவும் சொல்ல மாட்டோம், அந்தப் பிள்ளையின் அனுமதியோடுதான் எழுதுகிறோம். பத்தாம் ஆண்டில் எங்களிடம் கணிதம் படித்தவன். நல்ல கெட்டிக்காரன், மனக்கணக்கு மின்னல். படிப்பை விட்டுப் பழைய இரும்பு வியாபாரத்துக்குப் போனான். மார்ச் மாதம் யாரோ அனுப்பிய டிப்ஸில் இங்கிலாந்தில் ஓடிய ஏதோ ஒரு சின்னப் பந்தயத்தில் இரண்டாயிரம் போட்டுப் பதினோராயிரம் எடுத்தான். ஹலால் உழைப்பில் மூன்று நாள் வெயிலில் நின்றாலும் கிடைக்காத காசு. அந்தப் பதினோராயிரம்தான் அவனைத் தின்றது.

ஏப்ரல் 5. நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை. லிவர்பூல் பக்கம் எயின்ட்ரீயில் கிராண்ட் நாஷனல். 34 குதிரை, தாண்ட வேண்டிய வேலி 30. எங்கள் நேரம் இரவு எட்டரை. டிப்ஸ் என்ன தெரியுமா? ஐ ஆம் மெக்சிமஸ், முந்தின வருடம் வென்ற குதிரை, ஏழுக்கு ஒன்று. உம்மா சீட்டெடுத்து வைத்திருந்த காசில் நாற்பதாயிரத்தை எடுத்துப் போட்டான். இருபது பெண்கள் மாதம் ஐயாயிரம் கட்டிப் பிடித்த சீட்டு அது, கூரைக்குத் தகரம் வாங்க வைத்த காசு. வென்றது நிக் ரொக்கெட், முப்பத்து மூன்றுக்கு ஒன்று. ஐ ஆம் மெக்சிமஸ் இரண்டாவது. "கொஞ்சத்தில போச்சு சேர்" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறான். அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்கப் போய் ஜூன் மாதத்துக்குள் மிச்சத் தகரக் காசும் போனது, உம்மாவின் தோடு அடகுக்குப் போனது. மழைக்கு வாளி வைக்கும் வீட்டில் அவர் எங்களைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தந்து சொன்னது: "சேர், அவனுக்கு ஏசாதீங்க. ஏசினா கொழும்புக்குப் போயிடுவான்."

அவனுக்கு ஏசவில்லை. அவனோடு இருந்து கணக்குப் பார்த்தோம். அதையே இங்கேயும் எழுதுகிறோம், ஏனென்றால் "இது லக் இல்ல சேர், ஸ்டடி" என்று சொல்பவர்கள் எல்லாருமே எங்கள் பழைய மாணவர்கள்.

பத்துக் குதிரை ஓடுகிறது, பத்தும் சரிசமன் என்று வையுங்கள். நூறு ரூபாய் போட்டு வென்றால் நியாயமாக ஆயிரம் திரும்பி வர வேண்டும். புக்கி எண்ணூறுதான் தருவான். நீங்கள் பத்துக் குதிரைக்கும் நூறு நூறாகப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் போகும், எந்தக் குதிரை வென்றாலும் எண்ணூறு வரும். இருநூறு அவனுக்கு. எண்கள் பந்தயத்துக்குப் பந்தயம் மாறும், முறை மாறாது. குதிரையின் முழங்காலையும் மைதானத்தின் ஈரத்தையும் நீங்கள் ஸ்டடி பண்ணும் முன்னமே, சம்பளத்துக்கு ஆள் வைத்து அவன் ஸ்டடி பண்ணி அந்த விலையைப் போட்டிருக்கிறான்.

இனி டிப்ஸ்காரர். ஆறு குதிரை ஓடும் பந்தயம் ஐந்து. 7,776 பேரிடம் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அவர்களை ஆறாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு குதிரையை அனுப்புங்கள். 1,296 பேருக்குச் சரி வரும். மற்றவர்களை விட்டுவிட்டு இவர்களை மட்டும் ஆறாகப் பிரியுங்கள். 216. பிறகு 36. பிறகு 6. பிறகு ஒருவர். அந்த ஒருவருக்கு ஐந்து தடவையும் சொன்னது சொன்னபடி நடந்திருக்கும். அவர் வீட்டை விற்றும் போடுவார். 2008இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தெரன் பிரவுன் என்பவர் இதைச் செய்து காட்டி, தந்திரத்தையும் தானே உடைத்துச் சொன்னார். எங்கள் பிள்ளைகளிடம் செய்பவர்கள் உடைத்துச் சொல்வதில்லை.

எங்கள் ஊர் டிப்ஸ்காரர் அவ்வளவு கெட்டிக்காரர் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவர் செய்வது இன்னும் லேசான வேலை. டிப்ஸோடு ஒரு லிங்க் வரும், கவனித்தீர்களா? இப்படியான தளங்கள் பலவற்றில், லிங்க் வழியாக ஆள் சேர்த்துக் கொடுத்தவருக்குச் சேர்ந்தவர் தோற்கும் காசில் ஒரு பங்கு உண்டு. நீங்கள் வென்றால் அவருக்கு ஒன்றுமில்லை. நீங்கள் தோற்றால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். அப்படிப்பட்டவர் தரும் டிப்ஸுக்குத்தான் பதினேழு கைதட்டல். எங்கள் ஊர்க்காரரும் அப்படித்தானா என்று அவரே வந்து சொல்லட்டும். லிங்க் எதற்கு என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் போதும்.

மார்க்கம் பேச வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. "ரஸூலுல்லாஹ் காலத்திலேயே குதிரை ஓட்டம் இருந்ததே" என்று ஒருவர் எழுதியிருந்தார். இருந்தது. மதீனாவில் நபிகளார் (ஸல்) பந்தயம் வைத்ததும், இப்னு உமர் (ரலி) அதில் ஓடியதும் புகாரியில் இருக்கிறது. ஓடுபவருக்குப் பரிசு கொடுப்பது வேறு. குதிரையைக் கண்ணாலும் காணாமல், சோனகத் தெருவில் கட்டிலில் படுத்துக்கொண்டு அடுத்தவன் காசுக்கு விரல் அழுத்துவது வேறு. அதற்குப் பெயர் மைஸிர். அல்மாயிதா 90, 91ஐ எடுத்துப் பாருங்கள். பகராவின் 219ஆம் ஆயத்தையும் பாருங்கள், சூதில் சிலருக்குப் பயன் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, பாவம் அதைவிடப் பெரியது என்கிறது. ஆகவே "இன்னார் வென்றார்" என்று ஸ்கிரீன்ஷொட் காட்டுவது எதற்கும் பதிலாகாது.

"அரசாங்கமே விடுகிறதே" என்பது அடுத்தது. உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து நுவரெலியாவில் ஏப்ரலில் குதிரை ஓடுகிறது, கொழும்பில் ஓடிய இடம் இன்றைக்குக் கடைத்தொகுதியும் றக்பி மைதானமும். தெற்கில் நகரத்துக்கு நகரம் புக்கி உண்டு, இங்கிலாந்துக் குதிரைகளின் பெயர் அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த வருடம் பாராளுமன்றம் சூதாட்டத்துக்கென்று ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் நிறைவேற்றியிருக்கிறது. அரசாங்கத்துக்கு வரி வேண்டும். சாராயத்துக்கும்தான் அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது, அதை யாரும் ஜனாஸா குழுவில் விற்க வருவதில்லையே.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன் உலகக் கிண்ண கிரிக்கெட்டுக்கு ஆசிரியர் அறையில் தலைக்கு ஐந்நூறு போட்டு, சரியாகச் சொன்னவருக்குக் கொத்து ரொட்டிக் காசு என்று நாங்களும் விளையாடினோம். தேத்தண்ணி கொண்டுவந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் பிள்ளை உளவியல் படித்தவர்கள் செய்த வேலை அது. வெட்கப்படுகிறோம்.

1990இல் நாங்கள் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவும் இல்லை. இரண்டு மணித்தியாலம் கொடுத்து, நகையையும் காசையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள் என்று கேட்டு வளர்ந்தோம். முகாமில் ஓலைக் கொட்டிலில் முதல் சீட்டைத் தொடங்கியவர்கள் எங்கள் உம்மாமார்தான். பத்து ரூபாய்ச் சீட்டு. திரும்பி வந்து சுவர் எழுப்பியதும் அப்படிச் சேர்த்த காசில்தான். அந்தக் காசுதான் இப்போது லிங்க் வழியாகப் போகிறது. இந்தத் தடவை யாரும் துப்பாக்கி காட்டவில்லை.

குழு அட்மின் தம்பிமார் மூன்று பேருக்கும் இது. இன்றைக்கு இஷாவுக்கு முன் அந்தச் செய்தியையும் லிங்கையும் அழியுங்கள். போட்டவரை உடனே நீக்க வேண்டாம், முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், நாங்களும் வருகிறோம். பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, வரும் ஜும்ஆவில் போனில் நடக்கும் சூதைப் பற்றிப் பேச வையுங்கள், பெயர் சொல்லாமல். தோற்றுக் கடனில் நிற்கும் பிள்ளைகள் இன்பொக்ஸில் எழுதுங்கள், வட்டிக்கு வாங்க வேண்டாம். இரண்டு கடைக்காரர் கைமாற்றாகத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த உம்மாவின் கூரைக்கு இன்னும் பதினான்கு தகரம் வேண்டும், மாரி தொடங்கிவிட்டது. மகன் ஐந்து தகரத்துக்கு உழைத்துக் காசு கொண்டுவந்து எங்களிடம் தந்திருக்கிறான், தன் கையில் வைத்திருக்கப் பயமாம்.

குழுவின் பெயர் இன்னும் "ஜனாஸா அறிவித்தல்" தான். செவ்வாய் காலை ஒன்பதரைக்குத் திறந்து பார்ப்போம்.