கம்ப்யூட்டரே சொல்லிட்டு!

சிவில் படிக்கிற நம்ம பசங்ககிட்ட "இந்தத் தூண் தாங்குமாலே?"ன்னு கேட்டுப் பாருங்க. "ஸ்டாட் புரோவுல போட்டாச்சு மக்கா, பாஸ் ஆயிட்டு"ன்னு பதில் வரும். அவ்வளவுதான் விளக்கம்!

காமர்ஸ்காரனுக்கு இதுல என்ன வேலைங்கிறீங்களா? டேலியில பொய் பில்லைப் போட்டாலும் பேலன்ஸ் ஷீட் அழகா டேலி ஆகும். அந்த அனுபவத்துலதான் சொல்றேன்.

1991 ஆகஸ்ட் 23, நார்வே. ஸ்லைப்னர் ஏ எரிவாயு மேடைக்கான பிரம்மாண்ட கான்கிரீட் அடித்தளம். தண்ணியில இறக்கிச் சோதிக்கும்போதே சுவர் உடைஞ்சு மொத்தமும் மூழ்கிடுச்சு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கணக்குப் போட்டது நாஸ்ட்ரான் மென்பொருள். ஃபைனைட் எலிமெண்ட்னா, சுவரைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் விசை எவ்வளவுன்னு பாக்குறது. முக்கியமான மூலையில துண்டுகளைப் பெரிசாவும் கோணலாவும் பிரிச்சுட்டாங்க. ஷியர் விசை 47% குறைச்சலா வந்துச்சு. அதை நம்பிக் கம்பியையும் போதாமப் போட்டாங்க.

விபத்துக்கப்புறம் அதே முறையில கவனமாப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்துல உடையும்னு காட்டுச்சு. உடைஞ்சது 65ல. குத்தம் மென்பொருள் மேலயா, சொல்லுங்க?

அதுக்காக "சுலோச்சன முதலியார் பாலத்தை 1843ல கம்ப்யூட்டர் வெச்சா கட்டினான்?"னு நெல்லைப் பெருமை பேச வரலை. அது கம்பி போட்ட கான்கிரீட்டே இல்லை.

வண்ணாரப்பேட்டையில மாடி கட்டப் போறவங்க, கலர் பிரிண்ட் அவுட்டைப் பாத்து மயங்காதீங்க. ஒரே ஒரு தூணுக்காவது எவ்வளவு எடை வருதுன்னு கையால போட்டுக் காட்டச் சொல்லுங்க. முழிச்சார்னா வேற இன்ஜினியரைப் பாருங்க.