வள்ளி, பாஞ்சாலி, மஞ்சு

திரைப்படக் கலையின் நுணுக்கங்களை நான் கற்றவளில்லை. விடுமுறை நாளில் தொலைக்காட்சியில் பழைய படம் ஓடினால் உட்கார்ந்து பார்ப்பேன். பிடிக்காவிட்டால் எழுந்து போய் வேறு வேலை பார்ப்பேன். அப்படிப் பார்த்தவற்றுள் மனத்தில் தங்கிய படங்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை 1978 ஆம் ஆண்டில் வெளிவந்தவை என்று தெரிந்து வியப்படைந்தேன். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முந்திய ஆண்டு அது.

அதற்கு முந்திய ஆண்டில்தான் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அவர் நாயகனாக நடித்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' 1978 பொங்கலுக்கு வெளிவந்தது. சிவாஜி கணேசனின் 'தியாகம்' வந்ததும் அந்த ஆண்டே. ஆனால் எனக்குப் பிடித்தவை வேறு வகைப் படங்கள். மகேந்திரன், பாரதிராஜா, ருத்ரையா ஆகிய மூவர் எடுத்தவை அவை. நான்கு படங்களுக்கும் இசை இளையராஜா. நான்கிலும் ஒரே கேள்வி வருவதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெண் என்ன செய்யலாம், எங்கே போகலாம், யாரை மணக்கலாம் என்று முடிவு செய்பவர் யார்?

என் வரிசையில் முதலிடம் 'முள்ளும் மலரும்' படத்திற்கு. கல்கி இதழ் நடத்திய போட்டியில் பரிசு பெற்ற உமாசந்திரனின் நாவலைத் தழுவி மகேந்திரன் இயக்கிய முதற்படம் இது. ஒளிப்பதிவு பாலுமகேந்திரா. மலைப்பகுதி மின்நிலையத்தில் விஞ்ச் இயக்குபவன் காளி. தாய் தந்தையற்ற அவனுக்குத் தங்கை வள்ளிதான் உலகம். ரஜினிகாந்தை வேகமான நடையாலும் சிகரெட்டாலும் மட்டும் அறிந்தவர்கள் இந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஷோபாவோ நடித்ததாகவே தெரியவில்லை. அடுத்த வீட்டுப் பெண் போல வந்து போகிறார். 1980 இல் அவர் இறந்துபோனார் என்பதை அறிந்தபின் அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்கே கஷ்டமாக இருக்கிறது. ஃபடாபட் ஜெயலட்சுமியின் மங்காவும் அப்படித்தான். சாப்பாட்டின் மேல் அவளுக்குள்ள ஆசையை வேறு யார் காட்டியிருந்தாலும் அது வெறும் கோமாளித்தனமாகியிருக்கும்.

ஆனால் இந்தப் படத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. வள்ளி விரும்புவது என்ஜினீயரை. காளிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆகவே தான் பார்த்த வேறொருவனுக்கு அவளைக் கட்டிவைக்க முற்படுகிறான். வள்ளியை இதுபற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டானா? கடைசியில் என்ஜினீயரோடு திருமணத்துக்குப் புறப்பட்ட வள்ளி, வழியில் அண்ணனைக் கண்டதும் எல்லாரையும் விட்டு அவனிடமே திரும்பிவிடுகிறாள். தன்னைத் தங்கை விட்டுப் போகவில்லை என்ற பெருமிதத்தோடு, இப்போதும் எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, அவனே அவளை அனுப்பி வைக்கிறான். என்னோடு இருந்து படம் பார்த்தவர்கள் அந்த இடத்தில் கைதட்டினார்கள். என் கண்களும் கலங்கின, மறுக்கவில்லை. ஆயினும் கேட்கிறேன்: அன்று காளியின் மனம் இளகாமற் போயிருந்தால்? வள்ளி வீடு திரும்பியிருப்பாள், அவ்வளவுதான். அண்ணனின் அன்பு உண்மையானது என்பதில் ஐயமில்லை. அந்த அன்பின் சாவியும் அவன் மடியில்தானே இருக்கிறது!

இது சினிமாவில் மட்டும் நடப்பதா? முதலாண்டில் எங்கள் வகுப்பில் இருந்து மூன்றாம் ஆண்டில் இல்லாமற்போன தோழியரை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டிலும் அன்பான அண்ணன்மார் இருந்தனர். ஒருத்தி முதற்பருவத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் பெற்றவள். "அண்ணன் முடிவு பண்ணிட்டாங்க" என்று அழாமல்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

பாஞ்சாலியின் கதை வேறு. பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' ராதிகாவின் முதற்படம். நாவிதர் மகன் பரஞ்சோதி கவிதை எழுதுபவன். ஊரை விட்டுப் போனவன், ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதி அனுப்பும் செய்திக்காக அவள் தண்டவாளத்தருகே காத்து நிற்கிறாள். கைப்பேசி காலத்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்குப் பொறாமைதான் வந்தது. வள்ளிக்கு ஓர் அண்ணன் என்றால் இவளுக்கு ஊரே அண்ணன். ஊருக்கு வந்த கேடு நீங்க ஒரு கன்னிப்பெண் ஆடையின்றி ஊரை வலம்வர வேண்டுமாம். அதற்கு அவளைப் பிடிக்கிறார்கள். ஊர்நன்மை என்ற பேரில் ஒரு பெண்ணை என்னவெல்லாம் செய்யத் துணிவார்கள் என்று இந்தப் படம் அஞ்சாமல் காட்டுகிறது. இவள் யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல் ரயிலேறுகிறாள். கதையில் ஓட்டைகள் உண்டு. நகைச்சுவையும் சில இடங்களில் சலிப்பூட்டுகிறது. அந்த ரயிலுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

அதே பாரதிராஜா அதே ஆண்டில் எடுத்த 'சிகப்பு ரோஜாக்கள்' என் பட்டியலில் இல்லை. பயமுறுத்துவதில் கெட்டிக்காரப் படம்தான். ஆனால் கொலையுண்ட பெண்களுக்கு இது வேண்டும் என்று பார்ப்பவர் எண்ணும்படி அவர்களைச் சித்திரித்திருக்கிறார்கள். பாஞ்சாலியைப் படைத்த கை இதையும் செய்ததா!

மூன்றாவது, ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்'. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா மூவரும் இருந்தும், கறுப்பு வெள்ளையில் வந்த இந்தப் படம் அன்று வசூலில் தோற்றது. வசனத்தில் எழுத்தாளர் வண்ணநிலவனுக்கும் பங்குண்டு. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் மஞ்சுவுக்கு அண்ணனுமில்லை, ஊருமில்லை. தன் முடிவைத் தானே எடுக்கிறாள். அதற்காக எல்லாரும் அவளை ஒரு மாதிரி என்கிறார்கள். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த அருண் நல்லவன். பெண்விடுதலை பற்றி அழகாகப் பேசுபவன். அவளைப் புரிந்துகொள்ளத்தான் முயல்கிறான். அவளோ நெருங்குவாள், சட்டென்று விலகுவாள். கடைசியில் அவன் ஊரில் பார்த்த பெண்ணை மணந்து அழைத்து வருகிறான். பெண்விடுதலை பற்றி மஞ்சு அந்த மணப்பெண்ணிடம் கேட்க, தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள் அவள். கார் போய்விடுகிறது, மஞ்சு தெருவில் நிற்கிறாள்.

விமர்சகர்கள் இதற்கே முதலிடம் கொடுக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. காரணம், வள்ளியைப் போலவோ பாஞ்சாலியைப் போலவோ மஞ்சுவை என்னால் நேசிக்க முடியவில்லை; அவளும் அதை விரும்பமாட்டாள். ஆனால் முதலிரண்டு படங்களும் முடிந்ததும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இது முடிந்த இரவு தூக்கம் வரவில்லை.

நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் அடுத்த ஆண்டு படம் திரையிட எண்ணினால் 'முள்ளும் மலரும்', 'அவள் அப்படித்தான்' இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் திரையிடக் கோருகிறேன். மாணவியர் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவதாக அது இருக்கக் கூடாது. தங்கையுடைய மாணவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.