உடைப்பது எளிது

நீராவி எஞ்சின் அபிமானிகள் நாலு பேர் கூடினால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சக்கரத்தின் விட்டம், புகைபோக்கியின் உயரம், பெயின்ட்டின் நிறம் என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். வீட்டு மேஜைமீது சின்ன ரயில் ஓட்டுகிறவர்களும் இதற்கு விலக்கல்ல. கேட்பவர்களுக்கு இது குழந்தை விளையாட்டாகத் தோன்றலாம்.

ஆனால் இப்படிப்பட்டவர்கள் பிரிட்டனில் சாதித்திருப்பது விளையாட்டல்ல. அங்கே தலைமை எஞ்சினீயர் பெப்பர்கார்ன் வகுத்த 'ஏ-1' ரக எஞ்சின்கள் 49, 1948-49-ல் கட்டப்பட்டன. டீசல் வந்தது, 1966-க்குள் அத்தனையும் உடைபட்டுப் பழைய இரும்பாயின. மாதிரிக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

1990-ல் அபிமானிகள் ஒன்றுகூடி, ஐம்பதாவது எஞ்சினைப் புதிதாகவே கட்டத் துணிந்தார்கள். பழைய வரைபடங்களைத் தேடி எடுத்தார்கள். வாரத்துக்கு ஒன்றேகால் பவுன் என்று சந்தா சேர்த்தார்கள். பாய்லரை ஜெர்மனியில் மைனிங்கன் நகரத்துப் பட்டறை செய்து கொடுத்தது. 'டொர்னேடோ' என்ற அந்த எஞ்சின் 2008-ல் ஓடியபோது, ஆன செலவு சுமார் 30 லட்சம் பவுன். ஆன காலம் 18 ஆண்டு.

நீராவி ரயில் பிறந்த நாடே பாய்லருக்காகப் பிற நாட்டை நாட வேண்டி வந்தது! பயன் தீர்ந்ததென்று ஒரு பொருளை உடைக்கும்போது, அதைச் செய்யத் தெரிந்த கைகளும் கலைந்து போகின்றன. அவற்றை மீண்டும் சேர்ப்பது பணத்தால் மட்டும் ஆகிற காரியமல்ல. எதையும் காயலான் கடைக்கு அனுப்புமுன், ஒன்றையாவது ஓடும் நிலையில் வைத்துக்கொள்வதே விவேகம். அதை நினைவூட்டுகிறவர்களின் ஓயாத பேச்சைக் கொஞ்சம் பொறுமையுடன் கேட்கலாம்.