வெளிநாட்டில் காய்ச்சல் வந்தால் யாரைக் கேட்பது?

செப்டம்பர் வந்துவிட்டால் ஏதாவது ஒரு காலனி முகப்பில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடுகிறது. ஒரு பக்கம் கோட் போட்ட அம்பேத்கர், இன்னொரு பக்கம் கோட் போட்ட நம் பிள்ளை, நடுவில் 'உயர்கல்விக்கு இங்கிலாந்து செல்லும் எங்கள் தம்பியை வாழ்த்துகிறோம்'. அதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. கூடவே ஒரு பயமும் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

விழுப்புரம் பக்கத்துத் தம்பி ஒருவன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. முதுகலை படிக்க இங்கிலாந்து போனான். ஊர்க்காரர்களே ஐந்து பேர் இருந்த வாடகை வீட்டில் ஆறாவது ஆளாகச் சேர்ந்தான். முதல் வாரமே கேள்வி வந்தது: "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, வெளியவா?" அவன் பொய் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சமையலறையில் அவனுக்கென்று ஒரு தட்டும் ஒரு பாத்திரமும் தனியாக இருந்தன. யாரும் திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. அவனாகவே அறைக்குள் ஒதுங்கிக்கொண்டான்.

நவம்பரில் அவனுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. அம்மா கட்டிக்கொடுத்த பாராசிட்டமால் தீரும்வரை ஒன்பது நாள் விழுங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போனால் லட்சக்கணக்கில் பில் வரும், வாங்கிய கடனோடு அதுவும் சேரும் என்று நினைத்தான். கடைசியில் உடன் படித்த நைஜீரியத் தோழி ஒருத்தி வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று தேடி வந்தாள். அவன் மூச்சு வாங்குவதைப் பார்த்து அவளே 111க்குப் போன் செய்தாள். நிமோனியா. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தான். ஒரு பவுண்டுகூடக் கேட்கவில்லை. விசா எடுக்கும்போதே அதற்கான பணத்தை அவன் கட்டிவிட்டான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

அந்த வீட்டிலிருந்த மற்ற ஐந்து பேருக்கும் இது தெரியும். ஐவரும் வந்த முதல் மாதமே டாக்டரிடம் பெயர் பதிந்தவர்கள். ஒருவனுக்கு லண்டனில் மாமா, இன்னொருத்திக்கு லெஸ்டரில் அக்கா. அவர்கள் சொன்னது இவர்களுக்குத் தெரிந்தது. நம் தம்பியிடம் யாரும் சொல்லவில்லை. தனிப்பாத்திரம் வைத்த பிறகு அவனும் யாரிடமும் கேட்கவில்லை.

என் கருத்து இதுதான்: அந்நிய நாட்டில் நம் பிள்ளைகளுக்கு முதல் ஆபத்து குளிரும் இல்லை, திருடனும் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் இருப்பதுதான். மற்றவர்களுக்குச் சொத்தோடு சேர்த்து அறிமுகங்களும் பரம்பரையாக வருகின்றன. எங்கே போக வேண்டும், யாரிடம் பேச வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே அவர்கள் காதில் விழுகிறது. நம் வீடுகளில் அதைச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆளாக இயக்கம் இருக்க வேண்டும். அயல்நாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டுப் போராடுகிறோம், நல்லது. போய்ச் சேர்ந்தவனைப் பத்திரமாக வைத்திருப்பதும் நம் வேலைதான்.

அதனால் இங்கிலாந்து போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இதே கேள்விகளை அந்த நாட்டுக்குக் கேட்டுப் பதில் தேடிக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பு. ஆறு மாதத்துக்கு மேல் படிக்கப் போகும் மாணவர் விசாவுக்கு, 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் வாங்குகிறார்கள். நம் காசில் 80 ஆயிரத்துக்கும் மேல். அது கட்டியாகிவிட்டது என்றால் என்.ஹெச்.எஸ். எனும் அரசு மருத்துவம் உங்களுக்கு உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை. போய் இறங்கிய முதல் வாரத்திலேயே பக்கத்திலுள்ள ஜி.பி. மருத்துவரிடம் பெயர் பதியுங்கள். பதிவதற்கு முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 999. அவசரம், ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் 111. ஆங்கிலத்தில் உடம்பு வலியைச் சொல்ல வரவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குக் காசு இல்லை. இங்கிலாந்தில் டாக்டரைப் பார்ப்பது இலவசம், ஆனால் வெளியே வாங்கும் மருந்துக்கும் பல் வைத்தியத்துக்கும் கட்டணம் உண்டு. வருமானம் குறைவு என்றால் ஹெச்.சி.1 படிவம் போட்டு அதையும் குறைக்கலாம், சிலருக்கு முழுக்கவே தள்ளுபடி ஆகும்.

இருமல் மூன்று வாரம் நின்றால் டாக்டரிடம் கட்டாயம் போங்கள். விசாவுக்கு முன் எடுத்த காசநோய்ச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததால் இனி வராது என்று அர்த்தம் இல்லை. அங்கே காசநோய் சிகிச்சை யாருக்கும் இலவசம். அது வெட்கப்பட வேண்டிய நோயும் இல்லை. இன்னொன்று வைட்டமின் டி. அந்த ஊர் வெயில் நம் தோலுக்குப் போதாது. நம் நிறத்தவர்கள் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது என்பது அந்த அரசே சொல்லும் ஆலோசனை. குளிர்காலத்தில் உடம்பு வலியும் சோர்வுமாகக் கிடந்துவிட்டு, 'நான் சோம்பேறி ஆகிவிட்டேன்' என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பாஸ்போர்ட்டும் வேலையும். மில்டன் கீன்ஸ் நகரில் ஓர் இந்தியக் குடும்பம் பீகாரைச் சேர்ந்த ஆதிவாசிப் பெண் ஒருவரை வீட்டு வேலைக்கு வைத்திருந்தது. நாலரை ஆண்டு. வாரம் ஏழு நாளும் வேலை, தரையில் படுக்கை, பாஸ்போர்ட் முதலாளியிடம். கணக்குப் பார்த்தால் மணிக்கு 11 பென்ஸ் கூலி. வெளியே வந்து அவர் வழக்குப் போட்டார். 2015இல் தீர்ப்பாயம் ஏறக்குறைய 1,84,000 பவுண்டு கொடுக்கச் சொன்னது. அதே வழக்கில்தான் 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சாதிப் பாகுபாடு அங்குள்ள சமத்துவச் சட்டத்தின் 'இன வழி' என்பதற்குள் வரக்கூடும் என்றது. அந்தச் சட்டத்தில் சாதி என்ற சொல்லையே சேர்க்க 2013இல் நாடாளுமன்றம் வழி செய்தது. 2018இல் அரசு சேர்க்க மாட்டேன் என்று கைவிட்டது. ஆக, இன்றைக்கு நம் கையில் இருப்பது ஓர் ஏழைப் பெண் போராடி வாங்கிக் கொடுத்த ஆயுதம்.

அதிலிருந்து நமக்குப் பாடம்: பாஸ்போர்ட்டை முதலாளி, ஏஜெண்ட், வீட்டுக்காரர் யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். நகலெடுத்து ஒன்றை ஊரில் வையுங்கள், ஒன்றை மின்னஞ்சலில் வையுங்கள். பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. நம்மாள் ஒருவர், 'கணக்கில் வராமல் கையில் காசு தருகிறேன், 40 மணி நேரம் பார்' என்பார். கடன் நெருக்கும்போது அது உதவி மாதிரித் தெரியும். ஆனால் அன்றிலிருந்து உங்கள் விசா அவர் கையில். கூலி குறைத்தாலும் கை வைத்தாலும் நீங்கள் வாயைத் திறக்க முடியாது. அப்படி ஏற்கெனவே சிக்கியிருந்தால் தனியாகத் தவிக்காதீர்கள். கொத்தடிமை போல நடத்தப்படுகிறவர்களுக்கு 08000 121 700 என்ற உதவி எண் இருக்கிறது.

மூன்றாவது, வீடு. அண்ணல் 1913இல் நியூயார்க் போனார். அங்கே அவருக்கு விடுதியில் இடம் கிடைத்தது, நவல் பதேனா என்ற பார்சி நண்பர் ஆயுளுக்கும் கிடைத்தார். படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோதுதான் தங்க இடம் இல்லை. பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயரில் தங்கி, தடிகளோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் தலைப்பிட்டது சொந்த நாட்டில் பட்ட பாட்டுக்கு. நூறு ஆண்டில் ஒன்று மாறியிருக்கிறது: பரோடாவும் இப்போது விமானம் ஏறிவிட்டது. சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டுக்குத் தடைச் சட்டம் போட வேண்டி வந்ததே அதனால்தான்.

"அண்ணா, சாதி கேட்டால் சொல்லணுமா?" என்று பலர் கேட்கிறார்கள். சொல்லியே ஆக வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. மறைத்தால் துரோகமும் இல்லை. தலைக்கு மேல் கூரையும் அடுப்பும் அடுத்தவர் தயவில் இருக்கும்போது, எப்போது யாரிடம் சொல்வது என்பதை உங்கள் பாதுகாப்பு முடிவு செய்யட்டும். பெருமையோடு சொல்ல வேண்டிய நாள் வரும், அன்று மேடையிலேயே சொல்லுங்கள். ஆனால் ஒன்று செய்யுங்கள். முடிந்தால் முதல் சில மாதங்களுக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடம் பிடியுங்கள், அல்லது பல நாட்டு மாணவர்கள் இருக்கும் வீட்டில் சேருங்கள். ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்பதற்காக மட்டும் ஊர்க்காரர் வீட்டைத் தேடாதீர்கள். ஒதுக்கல் நடந்தால் தேதி, நேரம், சொன்ன சொல், வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் எழுதிச் சேமியுங்கள். மாணவர் சங்க ஆலோசனை மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

நான்காவது, தெரு. நாம் போராட்டக்காரர்கள், போன இடத்திலும் சும்மா இருக்க மாட்டோம். 2024 ஆகஸ்டில் இங்கிலாந்து நகரங்களில் குடியேறியவர்களைத் தாக்கி இனவெறிக் கலவரம் நடந்தது. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்குள் இருப்பது கோழைத்தனம் இல்லை. ஊர்வலத்துக்குப் போவதாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள், அங்குள்ள சட்டத்தை முன்பே படியுங்கள், ஒரு வழக்கறிஞர் எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். போலீஸ் நிறுத்திச் சோதனை போட்டால் காரணம் கேட்கலாம். அந்தச் சோதனைக்காக மட்டும் பெயரும் முகவரியும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கைது என்றால் காவல் நிலையத்தில் 'ட்யூட்டி சொலிசிட்டர்' கேளுங்கள், இலவசம். மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கோருவது 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தந்த உரிமை. வெளிநாட்டு மாணவருக்கு விலை அதிகம் என்பதையும் மறக்காதீர்கள். அண்ணல் படித்த அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இந்திய மாணவி ஒருவர் 2025 மார்ச்சில் விசா ரத்தாகி அமெரிக்காவை விட்டுப் போக நேர்ந்தது. பயந்து ஒடுங்கச் சொல்லவில்லை. தெரிந்து இறங்குங்கள் என்கிறேன்.

கடைசியாக மனசு. ரோகித் வேமுலாவை இழந்த சமூகம் நாம். வீட்டுக்குப் போன் செய்யும்போது 'நல்லா இருக்கேன்மா' என்று மட்டும் சொல்லிப் பழகியவர்கள் நம் பிள்ளைகள். அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒருவர் வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் பேச அங்கே 116 123 என்ற எண் உண்டு, யாரும் சாதி கேட்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஆலோசகர் இருப்பார். தேர்வைத் தள்ளிப்போடக் கேட்பதும் உரிமைதான்.

இப்போது நமக்கான வேலை. ஊரிலிருந்து ஒருவர் கிளம்பினால், ஃப்ளெக்ஸுக்கு ஆகும் காசில் ஒரு பங்கை எடுத்துவைத்து ஒரு மாலை உட்காருங்கள். ஏற்கெனவே போய்வந்த ஒருவரை வீடியோவில் அழையுங்கள். ஒரு தாளில் எண்களை எழுதிக் கொடுங்கள். வாரம் ஒருமுறை கூப்பிட்டு, 'சாப்பிட்டியா' என்பதோடு நிறுத்தாமல் 'டாக்டரிடம் பதிஞ்சியா, யாராவது நண்பர் கிடைச்சாங்களா' என்று கேட்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

விழுப்புரம் தம்பி படிப்பை முடித்துவிட்டான். இந்த ஆண்டு அந்த நகரத்துக்குப் போன நம் பிள்ளைகள் மூவரை ரயில் நிலையத்துக்கே போய் அழைத்துக்கொண்டு, நேரே ஜி.பி. மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பெயர் பதியவைத்திருக்கிறான். பெட்டியைக்கூட இறக்கிவைக்க விடவில்லையாம். கூடப் போனது அந்த நைஜீரியத் தோழி.

ஜெய் பீம்.